துறைத்தலைவரின் தேநீரில் காரீயம்

— காலக் கீழ வைக்காதீங்க சார்!

— என்னம்மா?

— தூக்கின கால அப்படியே தூக்கி வெச்சுக்கோங்க சார். உங்களுக்கு முன்னாடி இருக்குற டைல் ஆடும். டைல் ஆடினா மேசை ஆடும், மேசை ஆடினா குழாய் நுனியில தொங்குற சொட்டு விழுந்துரும்.

— நான் துறைத்தலைவர்.

— எனக்குத் தெரியும் சார். டைலுக்குத் தெரியாது.

— சரி சரி, பின்னாடி வெச்சுக்கறேன்.

— ஐயோ, பின்னாடி பலகை சார். அது இன்னும் மோசம். வராந்தாவத் தோண்டிப் போட்டுட்டு மேல பலகை போட்டுட்டுப் போனாங்கள்ல, நேத்து அதுல ஒரு பூனை நடந்துச்சு. இங்க கம்ப்யூட்டர்ல கோடு தாறுமாறா எகிறிடுச்சு.

— அந்தப் பலகைக்கு அனுமதி கொடுத்ததே நான்தான்.

— அதனாலதான் சார் சொல்றேன்.

— அதாவது, துறைத்தலைவர் சொந்தத் துறையோட ஆய்வக வாசல்ல ஒத்தக் கால்ல நிக்கணும்ங்கறே.

— கதவு நிலையப் பிடிச்சுக்கோங்க சார். உங்க டீதான் மெஷின்ல ஓடிட்டிருக்கு.

— என் டீயா?

— ஆமா சார். நேத்துப் பிளாஸ்க்ல மிச்சம் வெச்சீங்களே, அது.

— அத முதல்லயே சொல்றதுக்கென்ன? நிக்கறேன். சாயங்காலம் வரைக்கும் வேணும்னாலும் நிக்கறேன்.

— அவ்வளவு நேரம் ஆகாது சார். மெதுவாப் பேசலாம். சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது. அவ்வளவுதான்.

— நான் இந்தக் கட்டடத்துக்குள்ள சிரிச்சு நீ பாத்திருக்கியா?

— ஒரு தடவை பாத்திருக்கேன் சார். இரங்கல் கூட்டத்துல.

— அது வேற. அது ஒரு நிர்வாகக் குளறுபடி.

— நீங்க யாருக்கு இரங்கல் சொன்னீங்களோ, அவரு உயிரோட இருந்தாரு சார். மூணாவது வரிசையில உக்காந்திருந்தாரு. நீங்க பேசினதக் கேட்டு அவரே கண்ணத் தொடச்சுக்கிட்டாரு.

— பேச்சு நல்லா இருந்துச்சா, இல்லையா?

— ரொம்ப நல்லா இருந்துச்சு சார். அவரும் அப்படித்தான் சொன்னாரு.

— பின்ன என்ன? அதப் போயி விசாரணைக் குழு வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. பொறாமை பிடிச்சவங்க.

— அது மட்டும் இல்லையாம் சார். தீயணைப்பு சிலிண்டர் பாக்க வந்தவர முதலாண்டு மாணவர்னு நினைச்சு வகுப்புல உக்கார வெச்சீங்களாம், அதுவும் இருக்காம்.

— அவன் ஏன் உக்காந்தான்? எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே?

— வெளிய போக அனுமதி கேட்டாராம் சார். நீங்க கொடுக்கல. பருவத் தேர்வும் எழுதிட்டுத்தான் போனாரு. தேறிட்டாரு.

— பாத்தியா, என் வகுப்போட தரத்த.

— கேள்வித்தாள்ல பதிலயும் சேத்து அச்சடிச்சிருந்தீங்க சார்.

— அப்படியும் பாதிப் பேரு தேறல. அதப் பத்தி எவனாவது பேசறானா? இங்க பாரும்மா. கால் கடுக்குது, சுருக்கமாச் சொல்றேன். இதையெல்லாம் செஞ்சது நான் இல்ல. காரீயம். யாரோ என் டீயில காரீயம் கலக்கறாங்க. காரீயம் ஏறினா மூளை மழுங்கும். புத்தகத்துல இருக்கு.

— எந்தப் புத்தகத்துல சார்?

— அதான் மறந்துபோச்சு. அதுவும் காரீயத்தாலதான். மத்தியானம் குழு கூடுது. திறமை இல்லேன்னு முடிவு பண்ணினா நாற்காலி போச்சு. உடம்பு சரியில்லேன்னு நான் நிரூபிச்சுட்டேன்னு வையி, மருத்துவ விடுப்பு. விடுப்பு முடிஞ்சு வர்றப்ப நாற்காலி அங்கேயே இருக்கும். நான் சொல்றது புரியுதா?

— புரியுது சார். நாம பேசி வெச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?

— எது?

— காரீயம் வந்துச்சுன்னா என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடறதாச் சொன்னீங்க.

— அப்படியா சொன்னேன்? சரி, சொல்லியிருப்பேன். எனக்குப் பெரிய மனசு.

— இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ்ல கொடுக்கலேன்னா என் பதிவு ரத்து சார். ஏழு வருஷம் போச்சு.

— ஏழு வருஷமா? நேத்துச் சேந்த மாதிரி இருக்கு.

— உங்களுக்குத் தினமும் அப்படித்தான் சார் இருக்கு. காலையில குட்மார்னிங் சொன்னா, "புதுசாச் சேந்தியா?"ன்னு கேக்கறீங்க.

— அது ஒரு உபசரிப்பு.

— எங்க வீட்டுல எனக்குன்னு பாத்து வெச்ச மாப்பிள்ளைக்கு இப்ப ரெண்டு குழந்தை சார்.

— நல்ல செய்திதானே. வாழ்த்துக்கள்.

— வேற பொண்ணோட சார்.

— அப்படியா. சரி. காரீயம் வந்தாக் கையெழுத்து. வரலேன்னா நான் துறைத்தலைவரா இருக்க மாட்டேன், என் கையெழுத்த வெச்சுட்டு நீ என்ன பண்ணப் போறே? ஆக, அந்தச் சொட்ட நல்லாப் பாத்துக்கோ. இப்ப என்ன நடக்குதுன்னு சொல்லு. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன்.

— கண்ணாடிக் குழாய் நுனியில பாதரசம் ஒரு சொட்டுத் தொங்குது சார். அதச் சுத்தி உங்க டீ.

— இதுவா என் டீ? தண்ணி மாதிரி இருக்கு.

— ஆசிட்ல காய்ச்சி நிறம், வாசனை, சக்கரை எல்லாத்தையும் எடுத்துட்டேன் சார். உலோகம் மட்டும் மிச்சம். நைட்ரஜன் விட்டு உள்ள இருந்த காத்தயும் வெளியேத்தியாச்சு. இப்ப சொட்ட மைனஸ் வோல்டேஜ்ல பிடிச்சு வெச்சிருக்கேன். டீக்குள்ள கரைஞ்சு கிடக்குற உலோகமெல்லாம் ஒவ்வொண்ணா வந்து சொட்டுக்குள்ள ஏறி உக்காந்துக்கும்.

— பஸ்சுல ஏறுற மாதிரி.

— அதேதான் சார். அப்புறம் வோல்டேஜ மெதுவாத் தளர்த்தினா, ஏறினவங்க அவங்கவங்க நிறுத்தத்துல எறங்குவாங்க. யாராவது எறங்கினாக் கம்ப்யூட்டர்ல ஒரு மேடு வரும். முதல் நிறுத்தம் துத்தநாகம். அடுத்தது காட்மியம். மூணாவது காரீயம். கடைசியில செம்பு.

— சபாஷ். இத உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

— போன வாரம் நான்தான் சார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

— சொல்லிக் கொடுத்தவர்கிட்டயே திருப்பிக் கேக்கறது ஒரு போதனா முறை. அதிருக்கட்டும், சொட்டு விழுந்துட்டா இன்னொரு சொட்டு விடறது?

— மொத்தம் ரெண்டே சொட்டுதான் சார் மிச்சம். பாதரசம் வாங்கறத நிறுத்திட்டாங்க. இது ஒண்ணு, இதுக்குப் பின்னாடி ஒண்ணு. அதோட முடிஞ்சுது.

— யாரு நிறுத்தினது?

— நீங்கதான் சார். சிக்கன நடவடிக்கைன்னு சுற்றறிக்கை விட்டீங்க.

— காரீயம். எல்லாம் காரீயம் பண்ற வேலை. கால மாத்திக்கலாமா?

— மாத்தணும்னா நடுவுல ஒரு குதி குதிக்கணும் சார்.

— அப்ப வேண்டாம்.

— இதோ, டீயக் கலக்குற கலக்கிய நிறுத்திட்டேன். இனிமே மூச்ச மட்டும் அளவா விடுங்க சார். வோல்டேஜத் தளர்த்தறேன். கோடு வருது.

— என்ன தெரியுது? எனக்கு இங்கேருந்து உன் முதுகுதான் தெரியுது.

— முதல் நிறுத்தம். துத்தநாகம் எறங்குறாரு. சின்ன மேடு.

— அவன் எதுக்கு என் டீயில?

— எல்லார் டீயிலயும் கொஞ்சம் இருப்பாரு சார். அவரால தொந்தரவு இல்ல. காட்மியம் நிறுத்தம்... யாரும் எறங்கல. தாண்டிட்டோம். அடுத்தது நம்ம நிறுத்தம்.

— ம்.

— வந்துட்டோம் சார்.

— ம்?

— யாரும் எறங்கல.

— நல்லாப் பாரு. தூங்கிட்டிருக்கப் போறான்.

— தூங்க முடியாது சார், வோல்டேஜ் எழுப்பி விட்டுரும். தாண்டியாச்சு. இதோ, செம்பு எறங்குறாரு. கடைசி நிறுத்தம். வண்டி காலி. காலக் கீழ வெச்சுக்கலாம் சார்.

— எங்க வைக்கிறது? காலே இல்லாத மாதிரி மரத்துப் போயிருக்கு. ஆ... அம்மா... அந்த ஸ்டூலக் கொடு.

— உக்காருங்க சார்.

— அதாவது, என் டீயில காரீயம் இல்ல.

— துளிக்கூட இல்ல சார்.

— அப்ப அந்த இரங்கல் கூட்டம்?

— அதுக்குக் கோட்டுல பதில் இல்ல சார்.

— அதாவது, நான் இயற்கையாவே இப்படித்தான்னு உன் மெஷின் சொல்லுது.

— மெஷின் அப்படியெல்லாம் பேசாது சார். காரீயம் இல்லேன்னு மட்டும்தான் சொல்லுது. மிச்சத்த மத்தியானம் குழு சொல்லும்.

— மெஷின் தப்பு. பழைய மெஷின்.

— அத வேணும்னா உறுதிப்படுத்தலாம் சார். எப்படியும் செய்யணும், அதுதான் முறை. கடைசிச் சொட்டு அதுக்குத்தான் வெச்சிருக்கேன். காலு ரெண்டையும் ஸ்டூல் மேல தூக்கிக்கோங்க.

— தூக்கிட்டேன். என்ன பண்றே? அந்தச் சின்ன பாட்டில்ல என்ன?

— காரீயம் சார்.

— என்னது?

— காரீயக் கரைசல். அளவு தெரிஞ்சது.

— அத எங்க ஊத்தறே? ஏய்! என் டீயிலயா? என் கண்ணு முன்னாடியே என் டீயில காரீயத்த ஊத்தறியா? நீதானா அது! இத்தனை நாளா என் ரூம்லயே உக்காந்துக்கிட்டு, என் முகத்தப் பாத்துக் குட்மார்னிங் சொல்லிக்கிட்டு...

— சார், ஆடாதீங்க! சொட்டு! இது முறை சார். தெரிஞ்ச அளவு காரீயத்தக் கொஞ்சம் சேத்துட்டு மறுபடி ஓட்டணும். அப்ப மூணாவது நிறுத்தத்துல மேடு வந்துச்சுன்னா, மெஷின் காரீயத்த ஒழுங்காக் கண்டுபிடிக்குதுன்னு அர்த்தம். முதல் தடவை வராததுக்குக் காரணம் அங்க நிஜமாவே இல்லாததுதான்னு ஆகும். எல்லா ஊர்லயும் இப்படித்தான் பண்றாங்க.

— காரீயம் இருக்கான்னு பாக்கக் காரீயத்த ஊத்தறதா? திருடன் வந்தானான்னு பாக்க நானே போயி ஒரு திருடனக் கூட்டிட்டு வரணுமா?

— நாய் குரைக்குதான்னு பாக்கக் கூட்டிட்டு வரலாம் சார்.

— இந்த முறைய எவன் கண்டுபிடிச்சது?

— தெரியல சார். ஆனா நீங்க இதப் பத்தி ஒரு பாடப் புத்தகம் எழுதியிருக்கீங்க.

— நானா? நல்லா இருக்கா?

— நாங்க எல்லாரும் அதப் படிச்சுத்தான் சார் தேறினோம். இப்ப ஏத்தறேன். அசையாதீங்க.

— ஏங்க! ஏங்க, உள்ள இருக்கீங்களா?

— மேடம், நில்லுங்க! அங்கேயே நில்லுங்க! பலகையில அடுத்த அடி எடுத்து வைக்காதீங்க!

— யாரும்மா அது? பலகை நடுவுல நிறுத்தறே. கண்றாவி, உடைஞ்சுது கிடைஞ்சுதுன்னா?

— நகராம இருந்தா உடையாது மேடம். கொஞ்ச நேரம். சார் இங்கதான் இருக்காரு.

— தெரியுது. ஸ்டூல் மேல குந்திக்கிட்டு இருக்காரு. ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு? கரப்பான் ஏதாவது ஓடுதா?

— நீ எதுக்கு இங்க வந்தே?

— இந்த மனுஷனுக்குப் பதில் சொல்லியே என் காலம் போச்சு. பிளாஸ்க்க மறந்துட்டு வந்துட்டீங்க. டீ இல்லாம கத்துவீங்களேன்னு எடுத்துட்டு ஓடி வந்தா, பலகையில நிக்க வெச்சு விசாரணை நடத்தறீங்க.

— பிளாஸ்க்கத் திறக்காதே. ஆதாரம்.

— என்ன ஆதாரம்?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லேன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஏம்மா பொண்ணு, நீ சொல்லு. இவரு சொல்ல மாட்டாரு, சொன்னாலும் பாதியில மறந்துருவாரு.

— சாரோட டீயில யாரோ காரீயம் கலக்கறாங்களான்னு பாக்கறோம் மேடம். காரீயம்னா விஷம். அது வந்துச்சுன்னா சாருக்கு மறதி அதனாலதான்னு ஆகும். நாற்காலி போகாது. எனக்குக் கையெழுத்து கிடைக்கும்.

— டீ போடறது யாரு?

— மேடம்?

— இவரு குடிக்கிற டீயப் போடறது யாருன்னு கேட்டேன். பிளாஸ்க்ல ஊத்தி மூடி இறுக்கிக் கொடுக்கறது யாரு? இவரு அத அலமாரியில பூட்டி வெச்சுக் குடிக்கிறாரு. நடுவுல வேற யாரு கைவெக்க முடியும்?

— சார், நீங்க இத யோசிச்சீங்களா?

— யோசிக்கல. நான் பக்கத்து ரூம்காரனத்தான் மனசுல வெச்சிருந்தேன்.

— நல்லா இருக்குங்க நியாயம்! கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்களுக்கு டீ போட்டுப் போட்டு என் கை தேஞ்சு போச்சு. நான் கொலைகாரின்னு எழுதிக் கொடுத்தாத்தான் உங்க நாற்காலி நிக்கும்ங்கறீங்க!

— கொலைகாரின்னு எழுத வேண்டாம். கவனக்குறைவுன்னு போட்டுக்கலாம்.

— சார், மேடம், ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். தளர்த்தறேன். துத்தநாகம்... காட்மியம் இல்ல... சார்! மூணாவது நிறுத்தத்துல மேடு! நல்ல உயரம், கோயில் கோபுரம் மாதிரி! மெஷின் சரியா இருக்கு.

— வந்துட்டானா! பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்!

— இது நான் ஊத்தினது சார்.

— யாரு ஊத்தினா என்ன? வந்துச்சா இல்லையா? அந்தப் படத்த அச்சடி.

— அச்சடிச்சா முதல் படத்தயும் சேத்துத்தான் சார் அச்சடிக்கணும்.

— முதல் படம் எதுக்கு? அதுல ஒண்ணுமே இல்லையே. ஒண்ணுமே இல்லாததப் போயி எவனாவது காட்டுவானா?

— பொண்ணு, நான் நகரலாமா?

— வாங்க மேடம். ரெண்டு சொட்டும் முடிஞ்சுது, இனிமே எல்லாரும் ஆடலாம்.

— கண்றாவி, எனக்கு இடுப்பே பிடிச்சுக்கிச்சு. இப்பச் சொல்லுங்க. நாற்காலி போச்சுன்னா என்ன ஆகும்?

— என்ன ஆகும்? கட்டாய ஓய்வு.

— ஓய்வுன்னா?

— வீட்டுல இருப்பேன்.

— எத்தனை நாளைக்கு?

— எப்பவும்.

— காலையிலேருந்தா?

— காலையிலேருந்து ராத்திரி வரைக்கும்.

— பொண்ணு, அந்தப் படத்த அச்சடி.

— மேடம்?

— நான்தான் போட்டேன். காரீயம். நான்தான் கலந்தேன், எழுதிக்கோ. எத்தனை ஸ்பூன்னு சொல்லணும்?

— ஸ்பூன் கணக்குல போட்டிருந்தா சார் இப்ப இருக்க மாட்டாரு மேடம்.

— அப்பக் கொஞ்சமாப் போட்டேன்னு எழுது. ஆசையாப் போட்டேன்னு எழுது. உனக்குத் தெரியாதும்மா, போன விடுமுறையில இவரு பத்து நாள் வீட்டுல இருந்தாரு. சமையல்கட்டுல கூட்டம் போட்டாரு. கூட்டத்துக்கு ஆளு நான் ஒருத்திதான். வருகைப் பதிவு எடுத்தாரு. போன கூட்டத்தோட நடவடிக்கைய உறுதி செய்ய இன்னொரு உறுப்பினர் வேணும்னு பக்கத்து வீட்டம்மாவக் கூப்பிட்டாரு. அவங்க வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க.

— அவங்களுக்கு வேற காரணம் இருந்துச்சு.

— நீங்க சும்மா இருங்க. கரண்டிக்கெல்லாம் எண் போட்டாரும்மா. ஏழாம் எண் கரண்டி எங்கன்னு எனக்குக் குறிப்பாணை கொடுத்தாரு. இவரு முழு நாளும் வீட்டுல இருக்கறதுக்கு, நான் உள்ள போயிடறேன். அங்க ராத்திரி விளக்க அணைச்சா அணைச்சதுதானாம், அதுக்கப்புறம் கூட்டம் கிடையாது.

— மேடம், உங்கள நிஜமாவே பிடிச்சுட்டுப் போயிருவாங்க.

— போகட்டும். இவரு வாரா வாரம் வந்து பாப்பாரு. வாரத்துக்கு ஒரு தடவைன்னா எனக்கு இவரப் பிடிக்கும்.

— பாத்தியாம்மா, என் வீட்டுக்காரியோட தியாகத்த? இப்ப நீதான் தடை. அச்சடி, கையெழுத்து வாங்கிக்கோ. மூணு பேருக்கும் நல்லது.

— பொய்யாச்சே சார்.

— ஏழு வருஷம்னு சொன்னே.

— ஆமா சார்.

— மாப்பிள்ளைக்கு எத்தனை குழந்தை?

— ரெண்டு சார்.

— மூணாவதும் ஆகட்டும்னு பாக்கறியா?

— இல்ல சார். சரி. அச்சடிக்கறேன். ஆனா அடியில சின்னதா எழுதிருவேன், "காரீயம் சேர்க்கப்பட்ட பின்"னு.

— எழுது. யாரு சேத்ததுன்னு எழுதாதே. அது எங்க குடும்ப விஷயம்.

— ஏம்மா பொண்ணு, பொத்தான அமுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அந்தக் கண்ணாடி நுனியில பளபளன்னு தொங்குதே, மூக்குத்தி மாதிரி. அதென்ன?

— அதுதான் மேடம் பாதரசம். அதுக்குள்ளதான் எல்லா உலோகமும் ஏறி எறங்கும்.

— அது விஷம் இல்லையா?

— விஷம்தான் மேடம்.

— அந்த விஷம் இவரு டீயில இருக்கான்னு பாத்தியா?

— அத இதுல பாக்க முடியாது மேடம். பாக்கறதே அதுதானே? பஸ்சுல எல்லார்கிட்டயும் டிக்கெட் கேக்குற பரிசோதகர்கிட்ட யாரு டிக்கெட் கேப்பாங்க? பாதரசத்தப் பாக்கத் தங்கத்துல எலக்ட்ரோடு வேணும். கேட்டு எழுதின காகிதம் நாலு வருஷமா சார் மேசையிலதான் இருக்கு.

— அந்தக் காகிதம் பத்திரமா இருக்கு. பறக்காம இருக்கக் கிண்ணம் வெச்சிருக்கேன்.

— என்ன கிண்ணம் சார்?

— பாதரசக் கிண்ணம். நல்ல கனம். எந்தக் காத்துக்கும் அசையாது.

— சார், உங்ககிட்டப் பாதரசம் இருக்கா? ரெண்டு சொட்டுக்காக உங்கள ஒத்தக் கால்ல நிக்க வெச்சேனே சார்!

— அது துறையோட பாதரசம் இல்லம்மா. துறைத்தலைவரோட பாதரசம். கணக்கு வேற.

— மூடி போட்டு வெச்சிருக்கீங்களா சார்?

— மூடி போட்டா எப்படித் தொட்டுப் பாக்கறது? யோசிக்கறப்ப விரல விட்டு அளையறது ஒரு சுகம். எந்நேரமும் ஜன்னலச் சாத்தி வெச்சிருப்பேன், சத்தம் இல்லாம. எத்தனையோ வருஷமா கூடவே இருக்கு. பெத்த பிள்ளை மாதிரி.

— பிள்ளையா? பொண்ணு, நீ ஏன் இப்படி முழிக்கறே? அந்த விஷம் உடம்புல சேந்தா என்ன ஆகும்?

— சுவத்துல ஒட்டியிருக்கு மேடம், படிக்கறேன். "பாதரச ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் கை நடுக்கம், காரணமற்ற கோபம், கடும் மறதி ஏற்படும். திறந்து வைக்கக் கூடாது. இப்படிக்குத் துறைத்தலைவர்."

— அது ஆய்வுக் குழு வந்தப்ப ஒட்டினது. படிக்கறதுக்கு ஒட்டினது இல்ல.

— சார், உங்களுக்கு உடம்புல பாதரசம் ஏறியிருக்கு. காரீயம் இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்தா ஆஸ்பத்திரியில ஒரே நாள்ல சொல்லிருவாங்க.

— அதாவது, நான் இயற்கையா இப்படி இல்ல?

— அதுவும் கொஞ்சம் இருக்கலாம் சார். ஆனா மிச்சம் பாதரசம்.

— வியாதி! கேட்டியா, எனக்கு வியாதி! பணியில வந்த வியாதி! மருத்துவ விடுப்பு என்ன, நஷ்டஈடே கேப்பேன்! நாற்காலி எங்கயும் போகாது! மத்தியானம் வரட்டும், அந்த மூணாவது வரிசைக்காரனுக்கு மறுபடியும் இரங்கல் கூட்டம் போடறேன்!

— அப்ப நான் உள்ள போக வேண்டாமா?

— வேண்டாம் மேடம். பொய்ப் படமும் வேண்டாம். நிஜமே போதும்.

— ஹும். விடுப்புல எத்தனை நாள் வீட்டுல இருப்பாரு?

— ஆஸ்பத்திரியிலதான் மேடம் இருப்பாரு. குணமாக ரொம்ப நாளாகும்.

— பாவம், மனுஷன். நான் வாரா வாரம் வந்து பாக்கறேங்க. ஆமா, அந்தப் பாழாப்போன கிண்ணம் இருக்குற ரூம்ல வேற யாராவது உக்காருறாங்களா?

— யாரும் இல்ல. நானும் இந்தப் பொண்ணும்தான். ஏம்மா, எடு உன் ஆய்வேட்ட. சொன்ன சொல்லு தவற மாட்டேன் நான். எங்க போடணும்?

— இங்க சார். முதல் பக்கம், கோட்டுக்கு மேல.

— பேனா நடுங்குது பாரு. பரவாயில்ல, வியாதிதானே, பெருமையா நடுங்கட்டும். "இவ்வாய்வேடு எனது மேற்பார்வையில்"... இந்த இடத்த ஏன் காலியா விட்டிருக்கே?

— அங்க என் பேர நீங்க உங்க கையால எழுதணும் சார். விதி அப்படி.

— சரி, சொல்லு. தப்பா எடுத்துக்காதேம்மா, ஏழு வருஷமா இருக்கே, உன் பேரு எனக்கு ஞாபகம் இல்ல. வியாதின்னு நீயே சொல்லிட்டே.

— பரவாயில்ல சார். எழுதிக்கோங்க.

— சொல்லு.

— எழுதிக்கோங்க சார்...

— சொன்னாத்தானே எழுதுவேன்?

— சட்டுனு சொல்லு பொண்ணு, இவரு மனசு மாறிடப் போறாரு.

— இருங்க மேடம், நாக்கு நுனியிலதான் நிக்குது... 'வ'வுல ஆரம்பிக்கும்... இல்ல, இல்ல, அது எங்க அக்கா பேரு.